ஒரு நாட்டில் முதலீடு எப்படி வளர்கிறது? இயந்திரம் ஒரு கதை, கிடங்கு வேறு கதை

கேள்வி இதுதான்: நிலைச் சொத்துகளிலும் (இயந்திரம், கட்டடம் போன்றவை) சரக்கிருப்பிலும் (கிடங்கில் இருக்கும் பொருள்) செய்யப்படும் முதலீடு ஒரு பொருளாதாரத்துக்குள் எப்படிக் கூடுகிறது, வட்டியைக் குறைத்து வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தால் தானாகவே கூடிவிடாதா?

சுருக்கமான பதில்: அப்படிக் கூடாது. நாளைக்குக் கூடுதலாக விற்கும் என்று நம்புகிறவர்தான் இன்றைக்கு இயந்திரம் வாங்குகிறார், கடன் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் இன்னொரு கொட்டகை போடுவதில்லை. சரக்கிருப்பின் போக்கு இன்னும் விசித்திரமானது. சில சமயம் முதலாளி முடிவெடுத்துக் கூட்டுகிறார், சில சமயம் அவர் வேண்டாம் வேண்டாம் என்றாலும் அதுவே குவிந்துவிடுகிறது. இந்த இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கி "முதலீடு வளர்ந்தது" என்று செய்தி வரும்போது, அதில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு தேக்கம் என்று பிரித்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. சரி, விரிவாகப் பார்ப்போம்.

முதலில் எது முதலீடு, எது இல்லை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பங்குச் சந்தையில் பங்கு வாங்குவதை நாம் முதலீடு என்கிறோம், நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் தேசியக் கணக்கு எழுதுகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு உரிமை மாறுவது, அவ்வளவுதான். நிலம் வாங்குவதும் அப்படியே, நிலத்தை யாரும் உற்பத்தி செய்யவில்லை (நிலத்தைச் சமன்படுத்தினால், வடிகால் போட்டால் அந்தச் செலவு முதலீட்டில் சேரும்). பழைய வீட்டை வாங்கினால் வீட்டின் விலை சேராது, ஆனால் அதற்குக் கொடுத்த தரகும் பதிவுச் செலவும் சேரும். புதிதாகக் கட்டிய வீடு, தொழிற்சாலை, சாலை, பாலம், மின் நிலையம், இயந்திரம், லாரி, மென்பொருள் எல்லாம் நிலைச் சொத்து முதலீடு. ஒரே கார், குடும்பம் வாங்கினால் நுகர்வு, டாக்ஸி நிறுவனம் வாங்கினால் முதலீடு. மாட்டில்கூட இந்த வேறுபாடு உண்டு: பாலுக்காக வளர்க்கும் மாடு ஆண்டுக்கணக்கில் பலன் தருவதால் நிலைச் சொத்து, இறைச்சிக்காக வளர்க்கும் மாடு சரக்கிருப்பு. காகிதக் கூழுக்கு வெட்டப்போகும் மரமும் நிற்கும்போதே சரக்கிருப்புதான், ஆண்டுதோறும் காய்க்கும் பழ மரம் நிலைச் சொத்து.

சரக்கிருப்பு என்பது மூலப்பொருள், பாதி முடிந்த வேலை, முடிந்து விற்காமல் இருக்கும் பொருள், கடைக்காரர் மறுவிற்பனைக்கு வாங்கி வைத்திருப்பது ஆகிய எல்லாமும். நிலைச் சொத்து முதலீடு, சரக்கிருப்பில் ஏற்பட்ட மாற்றம், தங்கம் போன்ற மதிப்புமிக்க பொருள்கள் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் மொத்த மூலதன உருவாக்கம். மூன்றாவது பெரும்பாலான நாடுகளில் பெயருக்குத்தான் இருக்கும். உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஒரு வருட உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்படி மூலதனமாகப் போகிறது, அதில் மிகப் பெரும்பகுதி நிலைச் சொத்து, சரக்கிருப்பு மாற்றம் சாதாரண ஆண்டுகளில் ஒரு சதவீதத்தை ஒட்டி அல்லது அதற்கும் கீழேதான். அப்புறம் ஏன் அதற்கு இவ்வளவு மரியாதை என்றால், அந்தச் சின்ன எண்தான் மேலும் கீழும் அதிகம் குதிக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நிலைச் சொத்திலிருந்து ஆரம்பிப்போம். இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. முதலீடு விற்பனையின் அளவைப் பார்த்து நகர்வதில்லை, விற்பனை எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதைப் பார்த்து நகர்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் விளைவு முற்றிலும் வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஒரு தொழிலில் 100 இயந்திரங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு 10 பொருள் செய்யும், ஆக 1,000 பொருள். வருடத்துக்கு 10 இயந்திரம் தேய்ந்துபோகும், அவற்றை மாற்ற வேண்டும். விற்பனை 1,000-லேயே நின்றால் இயந்திரம் செய்கிறவருக்கு வருடத்துக்கு 10 ஆர்டர். இப்போது விற்பனை 1,100 ஆகிறது, அதாவது 10 சதவீதம் கூடுகிறது. 110 இயந்திரம் வேண்டும், எனவே புதிதாக 10, தேய்ந்ததற்குப் பதிலாக 10, மொத்தம் 20. விற்பனை 10 சதவீதம் கூடியதற்கு இயந்திர ஆர்டர் இரண்டு மடங்காகிவிட்டது. அடுத்த வருடம் விற்பனை 1,150 ஆகிறது. நல்ல வளர்ச்சிதான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் புதிதாக 5, மாற்றுக்கு 10, மொத்தம் 15 ஆர்டர். விற்பனை கூடிக்கொண்டிருக்கும்போதே இயந்திர ஆர்டர் கால் பங்கு விழுந்துவிட்டது! அதற்கு அடுத்த வருடம் விற்பனை 1,150-லேயே நின்றால் ஆர்டர் பழையபடி 10. யாருடைய விற்பனையும் ஒரு பொருள்கூடக் குறையவில்லை, ஆனால் இயந்திரத் தொழில் இரண்டு வருடத்தில் பாதியாகிவிட்டது.

இதைத்தான் பொருளியலில் முடுக்கி என்கிறார்கள். ஜே. எம். கிளார்க் 1917-இல் இதைத் தெளிவாக எழுதினார், 1939-இல் சாமுவேல்சன் இதையும் கெய்ன்ஸின் பெருக்கியையும் (ஒருவர் செலவு இன்னொருவர் வருமானமாகி மேலும் செலவைப் பெருக்குவது) இணைத்து, இந்த இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே ஏற்ற இறக்கச் சுழற்சியை உண்டாக்க முடியும் என்று காட்டினார். உண்மையான உலகம் இவ்வளவு இயந்திரத்தனமாக நடப்பதில்லை. சும்மா கிடக்கும் இயந்திரம் இருந்தால் முதலில் அதை ஓட்டுவார்கள், அப்புறம் கூடுதல் ஷிப்ட் போடுவார்கள், விற்பனை இப்படியே நிலைக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் ஆர்டர் கொடுப்பார்கள். அதனால்தான் பொருளாதார மந்தநிலையிலிருந்து மீளும்போது நுகர்வு முன்னால் போகும், முதலீடு தாமதித்து வரும். ஆனால் வந்தால் வேகமாக வரும், போகும்போதும் முதலில் போவது அதுதான். எந்த நாட்டின் புள்ளிவிவரத்தை எடுத்தாலும் நுகர்வைவிட முதலீடு பல மடங்கு அதிகமாக ஆடுவதைப் பார்க்கலாம். மேலே போட்ட கணக்குதான் அதற்கு முக்கியமான காரணம்.

அப்படியானால் வட்டிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. வீடு கட்டுவதில் வட்டி மிகப் பெரிய விஷயம், இருபது முப்பது வருடக் கடனில் அரை சதவீதம் ஏறினாலே மாதத் தவணை கையைக் கடிக்கும். தொழிற்சாலைக் கதை வேறு. நிறுவனங்களிடம் கேட்டு நடத்தப்பட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவருவது என்னவென்றால், ஒரு திட்டத்தை ஏற்க அவர்கள் எதிர்பார்க்கும் லாப விகிதம் வங்கி வட்டியைவிட ரொம்பவே உயரத்தில் இருக்கிறது, வட்டி இறங்கினாலும் அதை அவர்கள் லேசில் இறக்குவதில்லை. ஜப்பானில் 1999 முதல் பெரும்பாலான காலம் வட்டி பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது, ஆனாலும் நிறுவனங்கள் முதலீடு செய்வதற்குப் பதிலாகப் பழைய கடனை அடைத்தன, பணத்தைச் சேர்த்து வைத்தன. வட்டி இறங்கியதால் முதலீடு பாயவில்லை, ஏனென்றால் விற்பனை கூடும் என்று யாரும் நம்பவில்லை. வட்டியை ஏற்றி முதலீட்டை நிறுத்துவது எளிது, இறக்கி ஓட வைப்பதுதான் கஷ்டம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் ஒரு பொது நம்பிக்கை தவறாக இருக்கிறது. பங்குச் சந்தைதான் தொழிலுக்கு முதல் தருகிறது என்று நினைப்பார்கள். பெரும்பாலான வளர்ந்த நாடுகளில் நிறுவனங்களின் முதலீட்டுக்கு முதன்மையான ஆதாரம் அவற்றின் சொந்த லாபம்தான், பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்ட தொகை. அதற்குப் பிறகுதான் வங்கிக் கடன், கடன் பத்திரம். புதிய பங்கு வெளியிட்டுத் திரட்டுவது கடைசியில் வரும். இதனால் என்ன ஆகிறது என்றால், நல்ல விற்பனை இருக்கும் காலத்தில் நம்பிக்கையும் கூடுகிறது, கையில் லாபமும் கூடுகிறது, இரண்டும் சேர்ந்து முதலீட்டைத் தள்ளுகின்றன. கெட்ட காலத்தில் இரண்டும் ஒருசேரக் கைவிடும்.

நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டால், சேமிப்பும் முதலீடும் கணக்கில் எப்போதும் சமமாகத்தான் இருக்கும், உள்நாட்டுச் சேமிப்பு போதாவிட்டால் வித்தியாசம் வெளிநாட்டிலிருந்து வரும், அது நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறையாகத் (வெளிநாட்டு வர்த்தகத்திலும் வருமானத்திலும் வரவைவிடச் செலவு கூடுவது) தெரியும். இது ஒரு சமன்பாடு, எது எதை உண்டாக்குகிறது என்று இது சொல்லாது. "முதலில் சேமியுங்கள், முதலீடு தானாக வரும்" என்பவர்கள் இந்தச் சமன்பாட்டைக் காரணகாரியமாக வாசித்துவிடுகிறார்கள். எல்லோரும் செலவைக் குறைத்துச் சேமித்தால் விற்பனை விழும், விற்பனை விழுந்தால் முதலீடும் விழும், கடைசியில் சேமிப்பும் எதிர்பார்த்த அளவு இருக்காது. ஆனால் உற்பத்தித் திறன் எல்லாம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் பொருளாதாரத்தில் கதை மாறும்: அங்கே சிமெண்டும் ஆளும் இரும்பும் அளவோடுதான் இருக்கின்றன, ஒரு பக்கம் நுகர்வு விட்டுக்கொடுத்தால்தான் இன்னொரு பக்கம் கட்ட முடியும், இல்லாவிட்டால் விலைதான் ஏறும். ஏழை நாடுகளில் இன்னொரு தடையும் உண்டு. இயந்திரத்தை இறக்குமதி செய்யத்தான் வேண்டும், அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும், உள்ளூர்ப் பணம் எவ்வளவு இருந்தாலும் அது அங்கே செல்லாது.

நம்பிக்கையைப் பற்றிச் சொன்னேன், அதற்கு நேர் எதிர் நிச்சயமின்மை. போட்ட இயந்திரத்தைத் திரும்ப எடுத்துப் பணமாக்க முடியாது, விற்றாலும் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். எனவே சூழ்நிலை தெளியும் வரை காத்திருப்பதே ஒரு லாபம். 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற முடிவான பிறகு பிரிட்டனில் வணிக முதலீடு சில ஆண்டுகள் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது. நுகர்வு ஓடியது, வேலைவாய்ப்பு கூடியது, கடனும் மலிவாகவே கிடைத்தது, ஆனால் எந்த விதியின் கீழ் ஏற்றுமதி செய்யப்போகிறோம் என்று தெரியாதவர் எப்படிப் புதுத் தொழிற்சாலை போடுவார்? கெட்ட செய்தியைக்கூட நிறுவனங்கள் தாங்கிக்கொள்ளும், என்ன செய்தி என்றே தெரியாத நிலைதான் முதலீட்டுக்கு விஷம்.

இதன் மறுபக்கம், முதலீடு முதலீட்டை அழைக்கும். ஜப்பானில் 1960 வாக்கில் இதையே ஒரு வழக்காகச் சொன்னார்கள். மின்சாரம் உறுதியாக வரும் என்றால்தான் உருக்காலை வரும், உருக்காலை வரும் என்றால்தான் மின் நிலையம் போட்டது கட்டுப்படியாகும். இரண்டு பேரும் மற்றவர் முதலில் வரட்டும் என்று காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். பொருளியலாளர் ரோசென்ஸ்டைன்-ரோடான் 1943-இல் இதை வைத்துத்தான் பல தொழில்களை ஒருசேரத் தள்ள வேண்டும் என்று வாதிட்டார். அரசு போடும் சாலை, துறைமுகம், மின் இணைப்பு தனியார் முதலீட்டை இழுக்கிறதா அல்லது கடன் சந்தையில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே தள்ளுகிறதா என்ற பழைய சண்டைக்கு என் பதில்: திறன் சும்மா கிடக்கும் காலத்தில் இழுக்கும், எல்லாம் நிரம்பி வழியும் காலத்தில் தள்ளும். இரண்டு தரப்பும் தத்தமக்குப் பிடித்த காலகட்டத்தை எடுத்துவைத்து வாதாடுகிறார்கள்.

இன்னொன்றை மறந்துவிடக் கூடாது: தேய்மானம். செய்தியில் வரும் எண் மொத்த முதலீடு. அதில் பெரும்பகுதி பழையது தேய்ந்ததை ஈடுகட்டவே போகிறது. அமெரிக்காவில் மொத்த மூலதன உருவாக்கம் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும், தேய்மானமே 16 சதவீதத்துக்குப் பக்கம். உண்மையில் மூலதனத்தைக் கூட்டுவது மீதமுள்ள சில சதவீதம்தான். கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும், மென்பொருளும் சர்வரும் சில ஆண்டுகளில் காலாவதியாகும். ஒரு பொருளாதாரம் கட்டடத்திலிருந்து மென்பொருள் பக்கம் சாயச் சாய, அதே மூலதனத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே முன்பைவிட அதிகமாக மொத்த முதலீடு செய்ய வேண்டியிருக்கும். எண் ஏறும், மூலதனம் ஏறாது.

மென்பொருள் என்றதும் ஞாபகம் வருகிறது. கணக்கு விதிகளே மாறிக்கொண்டிருக்கின்றன. 1993-இன் சர்வதேசக் கணக்கு முறை மென்பொருளை நிலைச் சொத்தாக்கியது, 2008-இன் முறை ஆராய்ச்சி-மேம்பாட்டுச் செலவையும், அதோடு போர்த் தளவாடங்களையும் உள்ளே சேர்த்தது. அமெரிக்கா 2013-இல் ஆராய்ச்சிச் செலவை இப்படி மாற்றிக்கொண்டபோது ஒரு செங்கல்கூடக் கூடுதலாக அடுக்காமல் அதன் முதலீடும் ஜிடிபியும் (நாட்டின் மொத்த உற்பத்தி) பழைய ஆண்டுகள் வரைக்கும் உயர்ந்தன. அயர்லாந்து இதைவிட வேடிக்கை. 2015-இல் சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அந்த நாட்டுக் கணக்குக்கு மாற்றின, அந்த ஆண்டின் ஜிடிபி வளர்ச்சி 26 சதவீதம் என்று வெளியானது. பேட்டன்ட் காகிதம் இடம் மாறியதில் நாடு கால் பங்கு பெரிதாகிவிட்டது! அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அதன் பிறகு, இந்தக் குழப்பத்தை நீக்கிய வேறொரு வருமான அளவீட்டையே உருவாக்க வேண்டியதாயிற்று.

சீனாவின் மாதாந்திர "நிலைச் சொத்து முதலீடு" எண்ணையும் எச்சரிக்கையாகவே படிக்க வேண்டும். அது ஜிடிபியில் வரும் மூலதன உருவாக்கம் அல்ல. அதில் நிலம் வாங்கிய செலவும் பழைய சொத்துகளை வாங்கியதும் உண்டு, சிறிய திட்டங்கள் கிடையாது, மேலும் ஜனவரியிலிருந்து அந்த மாதம் வரைக்குமான கூட்டுத்தொகையாக வருகிறது. நில விலை ஏறும் காலத்தில் இந்த எண் முதலீட்டை ஊதிக் காட்டும். ஆனாலும் சீனா கட்டியது பொய்யல்ல. 2008 நவம்பரில் 4 டிரில்லியன் யுவான் ஊக்கத் திட்டம் அறிவித்தார்கள், 2011 வாக்கில் மூலதன உருவாக்கம் உற்பத்தியில் ஏறத்தாழ 47 சதவீதத்தைத் தொட்டது. அவ்வளவு பெரிய பொருளாதாரத்தில் அப்படி ஒரு விகிதம் எங்கும் நடந்ததில்லை என்றே சொல்லலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூடுதல் அலகு உற்பத்திக்கும் முன்பைவிட அதிக மூலதனம் தேவைப்பட ஆரம்பித்தது. முதல் நெடுஞ்சாலை தருகிற பலனைப் பத்தாவது நெடுஞ்சாலை தராது. பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1956-இல் சொன்னது இதுதான், முதலீட்டு விகிதத்தைக் கூட்டினால் வருமானத்தின் மட்டம் உயரும், ஆனால் வளர்ச்சி வேகம் என்றென்றைக்கும் உயர்ந்தே இருக்காது. 1957-இல் அவரே அமெரிக்காவின் 1909 முதல் 1949 வரையிலான கணக்கைப் போட்டு, ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி கூடியதில் எட்டில் ஏழு பங்கு மூலதனத்தால் வந்ததல்ல, தொழில்நுட்பத்தால் வந்தது என்று காட்டினார். எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும்: புதுத் தொழில்நுட்பம் பெரும்பாலும் புது இயந்திரத்துக்குள்தான் வந்து சேர்கிறது, அதனால் இரண்டையும் அப்படிச் சுத்தமாகப் பிரிக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். டிலாங்கும் சம்மர்ஸும் 1991-இல் பல நாடுகளை ஒப்பிட்டபோது, கட்டடத்தைவிட இயந்திரத்தில் போட்ட முதலீட்டோடுதான் வளர்ச்சி அதிகம் ஒட்டி வந்தது.

சரி, இப்போது கிடங்கு.

ஒரு மொத்த வியாபாரி மாதம் 100 பொருள் விற்கிறார், எப்போதும் இரண்டு மாத விற்பனைக்கான சரக்கை, அதாவது 200, இருப்பில் வைத்திருப்பது அவர் வழக்கம். விற்பனை ஒரு மாதம் 110 ஆகிறது. இருப்பு இனி 220 வேண்டும். விற்ற 110-ஐ நிரப்ப வேண்டும், மேலும் 20 சேர்க்க வேண்டும், ஆர்டர் 130. வாடிக்கையாளர் 10 சதவீதம் கூட வாங்கினார், தொழிற்சாலைக்கு 30 சதவீதம் கூடியதாகத் தெரிகிறது. தொழிற்சாலையும் தன் மூலப்பொருள் இருப்பைக் கூட்ட நினைத்தால் அதற்கு முந்தைய கட்டத்தில் இன்னும் பெரிதாகத் தெரியும். அடுத்த மாதம் விற்பனை 110-லேயே நின்றால் ஆர்டர் 110-க்கு இறங்கிவிடும், பழையபடி 100-க்கு வந்தால் ஆர்டர் வெறும் 80. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழந்தைகளின் டயப்பரில் இதைக் கவனித்ததை இந்தத் துறையில் எல்லோரும் உதாரணமாகச் சொல்வார்கள்: குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கிறார்கள், ஆனால் கடையிலிருந்து மொத்த வியாபாரிக்கும் அங்கிருந்து தொழிற்சாலைக்கும் போகப் போக ஆர்டர் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

பொருளியலாளர் மெட்ஸ்லர் 1941-இல் இதை ஒரு முழுச் சுழற்சியாகக் கணக்கிட்டார். பிளைண்டரும் மச்சினியும் 1991-இல் போட்ட கணக்குப்படி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கப் பொருளாதார மந்தநிலைகளில் சராசரியாக உற்பத்தி விழுந்த அளவில் 87 சதவீதம் சரக்கிருப்பு முதலீடு விழுந்த அளவுக்குச் சமம். ஜிடிபியில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாத பகுதி இது என்பதை மறுபடியும் நினைத்துப் பாருங்கள்.

இதற்குள் பலரும் வழுக்கி விழும் ஒரு இடம் இருக்கிறது. கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது இருப்பு. இந்தக் காலாண்டில் எவ்வளவு கூடியது என்பதுதான் சரக்கிருப்பு முதலீடு, அதுதான் ஜிடிபியில் சேரும். ஜிடிபி வளர்ச்சிக்கு அது என்ன கொடுத்தது என்று கேட்டால், கூடிய அளவு சென்ற காலாண்டைவிட எவ்வளவு மாறியது என்று பார்க்க வேண்டும். சென்ற காலாண்டில் இருப்பு 50 கூடியது, இப்போது 20 கூடியிருக்கிறது என்றால், கிடங்கு இன்னும் நிரம்பிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் வளர்ச்சிக் கணக்கில் அது 30-ஐக் கழிக்கிறது. தலைகீழாகவும் நடக்கும். 2009-இன் கடைசிக் காலாண்டில் அமெரிக்காவில் முதல் மதிப்பீடு ஆண்டு விகிதத்தில் 5.7 சதவீத வளர்ச்சி என்றது, அதில் ஏறத்தாழ 3.4 புள்ளி சரக்கிருப்பிலிருந்து. அந்தக் காலாண்டில் இருப்பு கூடவே இல்லை, குறைந்துகொண்டுதான் இருந்தது! முன்பைவிட மெதுவாகக் குறைந்தது, அது போதும். 2021-இன் கடைசிக் காலாண்டில் முதல் மதிப்பீட்டின் 6.9 சதவீதத்தில் 4.9 புள்ளி இதே இடத்திலிருந்து வந்தது, பெருந்தொற்றில் காலியான அலமாரிகளைக் கடைகள் நிரப்பின. அடுத்த காலாண்டில் ஜிடிபி சுருங்கியது. பொருளாதாரம் மூன்று மாதத்தில் பறந்து மூன்று மாதத்தில் விழுந்துவிட்டதாக எழுதியவர்கள் கிடங்குக் கணக்கைப் பிரித்துப் பார்த்திருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள்.

விருப்பத்தோடு கூட்டிய இருப்பா, விற்காமல் தங்கிய இருப்பா என்பதைத் தேசியக் கணக்கு பிரித்துச் சொல்லாது. விற்பனையோடு சேர்த்துப் பார்த்தால் ஊகிக்கலாம். விற்பனையும் இருப்பும் சேர்ந்து கூடினால் பெரும்பாலும் நம்பிக்கை, இருப்பு கூடி விற்பனை குறைந்தால் தேக்கம், அடுத்த காலாண்டில் உற்பத்தியைக் குறைப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். இது இரண்டிலும் சேராத வகையும் உண்டு. 2019 மார்ச்சில் இரண்டு விபத்துகளுக்குப் பிறகு போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் பறக்கத் தடை வந்தது. நிறுவனம் உடனே உற்பத்தியை நிறுத்தவில்லை, 2020 ஜனவரி வரை செய்துகொண்டே இருந்தது, ஒப்படைக்க முடியாத ஏறத்தாழ 400 விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. செய்து முடித்த விமானம் வாங்கியவர் கைக்குப் போகாதவரை அது சரக்கிருப்பு. ஆக அந்த மாதங்களில் இது சரக்கிருப்பு முதலீடாக ஏறியது, பின்னாளில் ஒப்படைத்தபோது சரக்கிருப்பில் கழிந்து, உள்நாட்டு விமான நிறுவனம் வாங்கினால் நிலைச் சொத்து முதலீடாகவும் வெளிநாடு வாங்கினால் ஏற்றுமதியாகவும் ஏறியது. அதே விமானம், இரண்டு முறை இரண்டு தலைப்பில். ஜிடிபியில் இரண்டாவது முறை எதுவும் கூடுவதில்லை, ஆனால் "முதலீடு பாய்ந்தது" என்றோ "ஏற்றுமதி பாய்ந்தது" என்றோ தலைப்பு போட இது போதும்.

சரக்கிருப்பு நீண்ட காலத்தில் எப்படி வளர்கிறது என்பது சுருக்கமான கதை: விற்பனையோடு சேர்ந்து வளரும், ஆனால் அதைவிட மெதுவாக. இருப்பு வைப்பதில் வட்டி, வாடகை, காப்பீடு, கெட்டுப்போவது, பழசாகிப்போவது என்று செலவு உண்டு, அதனால் குறைப்பதற்கு எப்போதும் அழுத்தம் இருக்கிறது. டொயோட்டாவின் தேவைக்கேற்ப உடனுக்குடன் வரவழைக்கும் முறையும், கணினியில் இருப்புக் கணக்கும் பரவிய பிறகு, அதே விற்பனைக்கு முன்பைவிடக் குறைந்த இருப்பு போதும் என்றாயிற்று. 1980-களின் நடுவிலிருந்து வளர்ந்த நாடுகளில் ஏற்ற இறக்கம் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சிலர் வாதிடுகிறார்கள், ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதற்கான விலையும் தெரிந்துவிட்டது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாவே தன் சப்ளையர்களிடம் சில மாதங்களுக்கான மின்னணுச் சில்லுகளை (சிப்) இருப்பு வைக்கச் சொல்லிவிட்டது. அப்படிச் செய்யாத மற்ற கார் நிறுவனங்கள் 2021-இல் சில்லுக்காகக் காத்து, கிட்டத்தட்ட முடிந்த வண்டிகளை மைதானங்களில் நிறுத்தி வைத்தன (இவையும் சரக்கிருப்புதான், பாதி முடிந்த வேலை என்ற கணக்கில்).

எண்ணைப் படிக்கிறவர்களுக்குக் கடைசியாக நடைமுறை விஷயம் இரண்டு. ஒன்று, விலையேற்றத்தை நீக்கிய எண்ணையே பாருங்கள். இரும்பு விலை ஏறினால் முதலீட்டுச் செலவு ஏறும், இயந்திரம் கூடாது. சரக்கிருப்பில் இது இன்னும் சிக்கல், கிடங்கில் இருந்தபடியே பொருளின் விலை ஏறினால் நிறுவனத்தின் கணக்கில் அது லாபம், ஆனால் எதுவும் உற்பத்தியாகவில்லை, எனவே தேசியக் கணக்கில் அதைக் கழித்துவிடுவார்கள். நிறுவனங்களின் இருப்புக் கணக்குக் கூட்டுத்தொகையும் ஜிடிபியில் வரும் எண்ணும் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம். இரண்டு, முதல் மதிப்பீட்டில் சரக்கிருப்பு எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அது வெளியாகும்போது காலாண்டின் கடைசி மாத விவரம் முழுதாக வந்திருக்காது, ஒரு பகுதியை மதிப்பிட்டுத்தான் நிரப்புவார்கள். மேலே சொன்ன 2009-இன் 5.7 சதவீதம் அடுத்த திருத்தத்தில் 5.9 ஆக ஏறி, அதற்கடுத்த திருத்தத்தில் 5.6 ஆக இறங்கியது. முதல் அறிக்கையில் சரக்கிருப்பை நீக்கிய இறுதி விற்பனை என்று ஒரு வரி இருக்கும், பொருளாதாரம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய அதைப் பாருங்கள், நிலைச் சொத்தில் கட்டடம், இயந்திரம், அறிவுசார் சொத்து மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மூலதனப் பொருள்களுக்கான ஆர்டர் விவரம் மாதாமாதம் வருகிற நாடு என்றால், முதலீடு அடுத்து எங்கே போகும் என்பது ஜிடிபி அறிக்கைக்கு முன்னாலேயே அதில் தெரிய ஆரம்பித்துவிடும்.